குதிரை வீரனுக்கு யார் கண் வைத்தது

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் மனைவியிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத சிங்காரவேலு, 2006-ஆம் வருஷம் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பல் துலக்கிக்கொண்டே, இன்று ஒரு பொய் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். இத்தனை நாள் சொல்லாததற்கு ஒழுக்கம் காரணமில்லை. லீலாவதியிடம் அது செல்லுபடியாகாது, அவ்வளவுதான்.

பொய்க்குக் காரணம் ஒரு குதிரை வீரன். உயரம் கட்டைவிரல் அளவு.

அரியலூரில், ரெட்டிபாளையம் பக்கத்து சிமெண்ட் ஆலையில் சிங்காரவேலுவுக்குப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நாலு வருஷம் முன்னால் இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டு என்ஜினீயர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, பெட்டியில் இடமில்லை என்று ஒரு அட்டை டப்பாவை இவரிடம் விட்டுப் போனார். உள்ளே நூறு சிப்பாய்கள். எல்லாம் ஈயம். வர்ணம் இல்லாமல் சாம்பல் நிறத்தில், சிமெண்ட் ஆலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். கூடவே சுண்டுவிரல் பருமனில் வர்ணப் புட்டிகள், கண்ணிமை முடி போன்ற ப்ரஷ்கள்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஜன்னலோர மேசையில் சிப்பாய்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

"அது என்னங்க, சன்னலோரம் பூரா?" என்று லீலாவதி கேட்டாள்.

"படை," என்றார் பெருமையாக.

"மருந்து போடுங்க. விட்டா பரவிரும்."

பரவத்தான் செய்தது. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியதில், தன்னைப் போல உலகம் முழுக்கக் கிறுக்கர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. சென்னையிலேயே ஒரு கூட்டம் இருந்தது. வருஷம் ஒரு முறை குட்டிச் சிப்பாய் ரசிகர்களும் படக்கதை ரசிகர்களும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவார்களாம். போட்டி உண்டு. சான்றிதழ் உண்டு. 'ரசிகர் மாநாடு' என்று அழைப்பு வந்தது. சிங்காரவேலுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

போட்டிக்கென்று ஆறு மாதமாக ஒரே ஒரு குதிரை வீரனோடு மல்லுக்கட்டினார். இரும்புத் தொப்பியை அரம் போட்டுத் தேய்த்துவிட்டுத் தலைப்பாகை வைத்தார். கவசத்தின் மேல் குழாய் ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசையை அப்பி வேட்டி கட்டினார். ஈட்டியை வெட்டி அரிவாளாக்கினார். மீசைக்கு மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் அமைந்துவிட்டது. கண் மட்டும் அமையவில்லை.

சிங்காரவேலுவுக்கு நாற்பத்து நாலு வயது. வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணாடி போட மாட்டேன் என்பது அவருடைய கொள்கை. கடுகில் பாதி அளவுள்ள இடத்தில் வெள்ளை வைத்து, அதற்குள் கறுப்புப் புள்ளி வைக்க வேண்டும். மூன்று மாதத்தில் பன்னிரண்டு முறை வைத்தார். பன்னிரண்டு முறையும் வீரனின் ஒரு கண் அரியலூரையும் இன்னொரு கண் பெரம்பலூரையும் பார்த்தது. பன்னிரண்டு முறையும் தின்னரைத் தொட்டுத் துடைத்தார். கடைசியில் இரண்டு கண்ணையும் மூடினபடி ஒரு கோடு இழுத்துவிட்டார். கீழே குதிரை நாலு கால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருந்தது. மேலே ஆள் தூங்கிக்கொண்டிருந்தான். விண்ணப்பத்தில் 'களைத்த வீரன்' என்று தலைப்பு எழுதி, 'முழுவதும் என் கைவேலையே' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்பினார்.

மாநாடு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிற்றுக்கிழமை வாலிகண்டபுரத்தில் லீலாவதியின் அண்ணன் பெரியசாமி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. அதனால்தான் பொய்.

"லீலா, ஞாயித்துக்கிழமை சென்னையில கம்பெனி ட்ரெயினிங். காதுகுத்துக்கு வர முடியாது போல இருக்கு."

லீலாவதி முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன ட்ரெயினிங்கு?"

"சிமெண்டு."

"இருபது வருசமா அதுலதான கெடக்குறீங்க. இன்னும் என்ன தெரியணும்?"

"இது புது மாதிரி சிமெண்டு."

பொய் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே கருப்பண்ணன் தலை தெரிந்தது. கருப்பண்ணன் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர்.

"சார், உங்களுக்கு டிக்கெட் போட்டாச்சு. மாநாட்டுக்குக் காலை வண்டிதான் சரி. மத்தியானமே போய்ச் சேந்துரலாம்."

லீலாவதியின் விரல் முறத்திலேயே நின்றது.

"மாநாடா? எந்தக் கட்சிண்ணே?"

"அத அவரு சொல்லலைங்க. நானும் கேக்கல. தேர்தல் நேரம், நமக்கு எதுக்கு."

"எங்க அண்ணன் முப்பது வருசமா ஒரே கட்சி," என்று லீலாவதி கணவன் பக்கம் திரும்பினாள். "கரை வேட்டி கட்டாம வாசப்படி தாண்ட மாட்டாரு. அவரு தங்கச்சி புருசன் இன்னொரு கட்சி மாநாட்டுல போயி உக்காந்தா, நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு அந்த வூட்டுக்குப் போறது?"

"கட்சி இல்ல லீலா. இது ரசிகர் மாநாடு."

சொன்ன பிறகுதான் இது அதைவிட மோசம் என்று அவருக்குப் பட்டது.

"எந்த நடிகருக்கு?"

"நடிகர் இல்ல."

"நடிகையா?"

கருப்பண்ணன் மதிலில் இரண்டு கையையும் ஊன்றி வசதியாக நின்றுகொண்டார்.

"ஐயோ, பொம்மைக்கு," என்றார் சிங்காரவேலு. "பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவங்க மாநாடு."

"பொம்மைக்கெல்லாமா சார் மன்றம் வச்சிட்டாங்க," என்றார் கருப்பண்ணன். "அப்ப பிரியாணி கெடையாதா?" கிடையாது என்று தெரிந்ததும் தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

லீலாவதி சத்தம் போடவில்லை. மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"சரி, போயிட்டு வாங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா காதுகுத்துக்கு வரலைன்னு எங்க அண்ணன்கிட்ட நீங்களே போன் போட்டுச் சொல்லிருங்க. அத நான் சொல்ல மாட்டேன்."

பெரியசாமி பேசினாலே பக்கத்து வயலில் இருக்கிற கொக்கு எழுந்துவிடும். சிங்காரவேலு போனை எடுத்து வைத்தார். எடுத்து வைத்தார். மூன்றாம் முறை எண்ணைச் சுழற்றினார்.

"மச்சான், நான்தான். ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு... கம்பெனியில திடீர்னு ஒரு ட்ரெயினிங் போட்டுட்டாங்க. புது மாதிரி சிமெண்டு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்..."

"எந்தக் காதுகுத்து மாப்ள?" என்றது போன். "அதத்தான் வைகாசிக்குத் தள்ளிப் போட்டாச்சே. போன வாரமே லீலாகிட்ட சொல்லிட்டனே. சொல்லலையா அது?"

சிங்காரவேலு போனை மெதுவாக வைத்தார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் லீலாவதி.

"ஒத்துக்கிட்டாரு."

"நல்ல மனுசன் எங்க அண்ணன்." ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். "எனக்கும் அன்னைக்கு வேற சோலி இல்ல. கருப்பண்ணன் அண்ணன்கிட்ட இன்னொரு டிக்கெட் சொல்லிட்டு வந்துருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் லீலாவதி பட்டுப்புடவையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வீரனைப் பஞ்சில் சுற்றி எவர்சில்வர் டிபன் டப்பாவில் அவளே அடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். குலுங்கினால் குதிரைக் கால் முறிந்துவிடும் என்று சிங்காரவேலு சொல்லியிருந்தார். விழுப்புரம் தாண்டும்வரை இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தாள். புளிசாதம்கூட ஒரு கையால்தான் சாப்பிட்டாள். அதைப் பார்க்க அவருக்கு என்னவோ போலிருந்தது. பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தார். கேட்டால் விவரமாகக் கேட்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்.

மண்டப வாசலில் படக்கதை ரசிகர்கள் வேஷம் கட்டி நின்றார்கள். இவர்களை வரவேற்றவன் உடம்பெல்லாம் வெள்ளித்தாள் சுற்றியிருந்தான். அடுத்தவன் முதுகில் குடைத்துணியில் றெக்கை. மூன்றாவது ஆள் அட்டையில் வாள் செய்து இடுப்பில் செருகியிருந்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும்.

"இவங்க வூட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்கல்ல?" என்று லீலாவதி காதோரம் கேட்டாள்.

"மெதுவா பேசு."

"பாவமா இருக்குங்க. அதான் கேட்டேன்."

உள்ளே நீள நீள மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் குட்டி உலகம். சிங்காரவேலு பார்த்துக்கொண்டே நடந்தார். நாலு வருஷமாகத் தான் ஒரு ஆள்தான் இப்படி என்று அரியலூரில் நினைத்திருந்தவர். இங்கே இவரை யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. "அடிவர்ணம் எத்தனை தடவை கொடுப்பீங்க?" என்று ஒருவர் கேட்டார். சிங்காரவேலு விரல்விட்டு எண்ணிச் சொன்னார். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார். அது இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

பதினேழாம் எண் மேசை. டப்பாவைத் திறந்தார். பஞ்சைப் பிரித்தார்.

வீரன் விழித்துக்கொண்டிருந்தான்.

சிங்காரவேலு டப்பாவை மூடிவிட்டு மறுபடி திறந்தார். விழித்துக்கொண்டுதான் இருந்தான். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்த்தன. கறுப்புக்குள் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் பொட்டுகூட இருந்தது.

"லீலா. இது என்ன?"

"கண்ணு."

"அது தெரியுது. யாரு வச்சது?"

"நேத்து நீங்க ஷிப்டுக்குப் போனப்ப நான்தான் வச்சேன். பருப்பு வேகறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பன்னிரண்டு முறை, மூன்று மாதம், என்று சிங்காரவேலு மனதுக்குள் எண்ணிக்கொண்டார்.

"பின்ன என்னங்க," என்றாள். "அந்த வேகத்துல குதிரை போவுது, இவன் தூங்குறான். விழுந்து கிழுந்து வச்சா? கண்ணு தொறக்காத சாமியத் தூக்கிட்டு யாராச்சும் ஊர்வலம் வருவாங்களா?"

"முழுசும் என் கைவேலைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன் லீலா."

"யாரு வந்து கேக்கப் போறா?"

பையில் தின்னர் இருந்தது. பஞ்சு இருந்தது. ஒரு நிமிஷத்தில் துடைத்துவிட்டுப் பழையபடி ஒரு கோடு இழுத்துவிடலாம். பஞ்சை நனைத்துக் கிட்டே கொண்டு போனார். வீரன் நேருக்கு நேர் அவரைப் பார்த்தான். ஆறு மாதத்தில் முதல் முறையாகப் பார்த்தான். மீசை, தலைப்பாகை, அரிவாள் எல்லாம் இப்போதுதான் ஒரு ஆளுக்குச் சொந்தமாகி இருந்தன. சிங்காரவேலு பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சட்டை அந்த இடத்தில் வெளுத்துப்போனது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நடுவர் வீரமணி வந்தார். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி, கையில் பூதக்கண்ணாடி. மற்ற மேசைகளில் அரை நிமிஷம் நின்றவர், இங்கே குனிந்தவர் நிமிரவே இல்லை.

"கண்ணு சார், கண்ணு," என்றார். "எந்த ப்ரஷ்ல போட்டீங்க?"

சிங்காரவேலுவின் வாய், அவரைக் கேட்காமலே, வெளிநாட்டு ப்ரஷ் ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டது.

"அதுலயா? அதுல நானே முயற்சி பண்ணிருக்கேன், வரல." வீரமணி பையிலிருந்து அதே ப்ரஷ்ஷையும் ஒரு வெற்றுச் சிப்பாயையும் எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு கண்ணு போட்டுக் காட்டுங்க சார். கத்துக்கறேன்."

வெள்ளித்தாள் இளைஞன் வந்து நின்றான். றெக்கைக்காரன் வந்தான். சிங்காரவேலு ப்ரஷ்ஷைக் கையில் எடுத்தார். சிப்பாயின் முகம் பனிமூட்டத்துக்குள் எங்கோ இருந்தது. ப்ரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"கண்ணு நான் போடலைங்க. என் சம்சாரம் போட்டது. ஃபாரத்துல எழுதுனது தப்பு. போட்டியிலேர்ந்து எடுத்துருங்க."

பொய்களைவிட இது சுலபமாக இருந்தது.

வீரமணி லீலாவதியைப் பார்த்தார். "எந்த ப்ரஷும்மா?"

"ஈர்க்குச்சி சார். நுனிய லேசா கடிச்சிக்கிட்டா போதும். சாந்துப் பொட்டு வக்கிற மாதிரிதான். இங்க தொடப்பம் இருக்குங்களா?"

மண்டபத்துத் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சி உருவிக் கொடுத்தார்கள். லீலாவதி பட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சை அடக்கினாள். இடது ஒன்று. வலது ஒன்று. சிப்பாய் உலகத்தைப் பார்த்தான். அப்புறம் வரிசை நின்றது. "அக்கா, என்னுதுக்கும்." "அக்கா, இவனுக்குக் கோவக் கண்ணு வேணும்." "தம்பி, றெக்கையக் கொஞ்சம் மடக்கு, வெளிச்சம் மறைக்குது." சாயங்காலம் வரை பதினேழாம் எண் மேசையில் கூட்டம் குறையவில்லை. சிங்காரவேலு அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு, வர்ணப் புட்டிகளின் மூடியைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அடிவர்ணத்தைப் பற்றியும் சொன்னார். சிலர் கேட்டார்கள்.

போட்டியிலிருந்து வீரனை எடுத்துவிட்டார்கள். விதி விதிதான். ஆனால் அவனுக்கென்று தனியாக ஒரு சிறப்புச் சான்றிதழ் கொடுப்பதாக வீரமணி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். தடித்த பேனாவால் முத்து முத்தாக லீலாவதி பெயரை எழுதி மூடி போடப் போனார்.

"சார், சார்," என்று லீலாவதி தடுத்தாள். "அவரு பேரையும் போடுங்க. ஆறு மாசம் ஒழைச்சிருக்காரு. குதிரை, மீசை, வேட்டி எல்லாம் அவருதான். எங்கிட்ட பொய் சொல்லிட்டுக்கூட இங்க வரப் பாத்தாரு, அம்புட்டு ஆசை. அவரு பேரு இல்லாம எனக்கு இது வேண்டாம்."

சிங்காரவேலு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் அவள் இவரைப் பற்றி வெளி ஆளிடம் இவ்வளவு நல்லதாகப் பேசி அவர் கேட்டதில்லை. கண் கலங்கியது. வீரமணியும் நெகிழ்ந்துபோய், தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

ரயில் செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான் சிங்காரவேலு சான்றிதழை வாங்கிப் பார்த்தார். வெள்ளெழுத்து என்பதால் கையை முழுக்க நீட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படியும் தெளிவாகவே தெரிந்தது: 'குதிரை வீரன். கலைஞர்: திருமதி லீலாவதி, அரியலூர். உதவி: சிங்காரவேலு.'