கற்பிட்டிக்குப் போய்க் கடல் பார்க்காத விருத்தாந்தம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

கனடாவாழ் அன்பு மைத்துனர் யேசுரட்ணத்துக்கு,

இங்கு நலம். அங்கு பனிக்குள்ளும் நீங்களும் மனைவி மக்களும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். எங்கள் நாற்பதாவது கலியாண நாளுக்கு நீங்கள் ஒழுங்குசெய்து தந்த கற்பிட்டிப் பயணம் இனிதே நிறைவேறியது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை அப்படி எழுத மறுக்கிறது. ஆகையால் உள்ளதை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. அதன் மதிலில் நானும் உங்கள் அக்கா திரேசம்மாவும் சேர்ந்து நின்று ஒரு படம், உங்கள் வீட்டு ஹோலில் மாட்டுவதற்கு. அக்கா அதற்கென்றே புதுச்சீலை கட்டி, விடியமுன் மற்றப் பயணிகளோடு வான் வண்டியில் ஏறி, புத்தளம் வரைக்கும் தலைமுடி கலையாமல் சீற்றில் சாயாமலே வந்தாள். கோட்டை வாசலில் காவலுக்கு நின்ற கடற்படைப் பெடியன் நல்ல மரியாதையான பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். "அங்கிள், அடையாள அட்டையைத் தந்திட்டுப் போங்க, வரக்குள்ள எடுங்க" என்று சிங்களமும் தமிழும் கலந்து சொன்னான். தருவதா? காட்டுவது வேறு, கொடுப்பது வேறு அல்லவா மச்சான்? அந்த அட்டையை நான் ஆயிரம் பேருக்குக் காட்டியிருக்கிறேன், ஒருவரிடமும் விட்டுவிட்டு நகர்ந்ததில்லை. சண்டைக் காலத்தில் ஒருநாள் அதை மறந்துவிட்டுப் பாண் வாங்கப் பேக்கரிக்குப் போனவன் சோதனைச் சாவடியில் பிடிபட்டு மறுநாள்தான் வீட்டுக்கு வந்தேன், பாணும் காய்ந்து நானும் காய்ந்து. அக்காவோ தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பதுபோல் தன்னுடையதை நீட்டிவிட்டு நடந்தாள். நானும் வேறு வழியின்றிக் கொடுத்தேன். பெடியன் அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டான். பிஸ்கட் டின்!

அதன்பின் கால் உள்ளே போக மறுத்துவிட்டது. உடனே திருப்பிக் கேட்டால் சந்தேகப்பட மாட்டார்களா? "ஏன் கேட்கிறான், எதை மறைக்கிறான்" என்று விசாரணை தொடங்காதா? ஆகவே எதிரே கிடந்த வாங்கில் உட்கார்ந்து டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ, படம் எடுக்க வாங்கோவன்!" என்று அக்கா திரும்பி வந்து கூப்பிட்டாள்.

"நீர் போம், நான் இதைப் பாத்துக்கொள்ளுறன்."

"என்னத்தை?"

"டின்னை."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நாப்பது வருசமா உங்கட பொக்கற்றில கிடக்கிற ஐசி அட்டையோடதான் நான் குடும்பம் நடத்துறன்" என்று சொல்லிவிட்டு, என் மூக்குக்கண்ணாடி இருந்த கைப்பையையும் கொழுவிக்கொண்டு உள்ளே போனாள். இதற்கிடையில் வாசலில் காவலும் மாறியது. புதிதாக வந்தவனுக்கு என்னைத் தெரியாது. வானில் வந்த மற்றவர்கள் வெளியே வந்ததும் கூட்டம் நெருக்கியடித்தது. நான் முந்தியடித்துக் கையை நீட்டி, அவன் தந்த அட்டையைக் கண்ணில் ஒற்றி, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, உள்பொக்கற்றில் வைத்து ஊக்கும் குத்தினேன். அப்புறம் கடற்கரை. எல்லோரும் படகில் ஏறினார்கள். அலை அடித்தால் அட்டை நனையும், படகு கவிழ்ந்தால் அட்டை போய்விடும். நான் வானின் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாரதியின் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கற்பிட்டிக்குப் போய்க் கடலைக் காணாமல் திரும்பிய பாவி நான் ஒருவன்தான்.

படம் இத்துடன் வருகிறது. உங்கள் அக்கா தனியே நிற்கிறாள். உற்றுப் பாருங்கள், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நிற்கிறாள். வீட்டில் அதைப் பார்த்தபோது அந்த இடத்தை விரலால் மூடிப் பார்த்தேன் மச்சான், பொய் சொல்லவில்லை. அவள் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. சோறு வருகிறது, சொல் வருவதில்லை. மனிதனாய்ப் பிறந்து இந்த வயதில் இப்படியும் ஒரு சீவியமா? ஒன்று மட்டும் உறுதி. இனிக் கற்பிட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். அட்டை பத்திரமாய்த் தலையணைக்குக் கீழே இருக்கிறது, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தியாயிற்று. அவர் உங்கள் எல்லோரையும் எந்தக் குறையுமின்றிக் காத்தருள்வாராக. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

இங்ஙனம்,
உங்கள் அன்பு அத்தான்
இராஜநாயகம்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போக, தலையணை உறை மாத்த வந்த அக்கா அட்டையை எடுத்துப் பாத்திட்டு, "இதார் இந்தத் தாடிக்கார மனிசன்?" எண்டு கேட்டா. கண்ணாடியைப் போட்டுப் பாத்தன். பெயர் ஸஹாப்தீன், விலாசம் கற்பிட்டி. என்ர அட்டை இப்ப அந்த மனிசனிட்டையோ, அந்த டின்னுக்கையோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சனிக்கிழமை திரும்பவும் போறம். அக்கா இப்பவே சீலைக்கு அயன் பிடிக்கிறா, பாட்டும் வருகுது. ஆனா மச்சான், வந்த நாள் துவக்கம் நான் காசெடுக்கப் பாங்குக்குப் போனன், புறக்கோட்டைக்குப் போனன், இரவு பூசைக்கும் போய் வந்தன், இந்த அட்டையைத்தான் பொக்கற்றில கொண்டு திரிஞ்சிருக்கிறன். ஒருத்தரும் கேக்கேல்லை. அப்ப நான் அந்த வாங்கில இருந்து ஆருக்குப் பயந்தனான்?