ஊதா வளையத்துக்காரர்

திண்டுக்கல்லில் அந்த நாளில் முருகனை ஏமாற்றியவர்கள் உண்டு. ஊதா வளையத்துக்காரரை ஏமாற்றியவர் ஒருவரும் கிடையாது.

பழனி ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. 1950களின் கடைசியில் அங்கே நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் லேபில் சிறுநீர் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குழாயில் சிறுநீரோடு ஒரு உப்பைப் போட்டுக் குலுக்கி, ஒரு மருந்தையும் அமோனியாவையும் விடுவார். ஊதா வளையம் வந்தால் உடம்பில் கீட்டோன் இருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை வியாதிக்காரருக்கு வந்தால் ஆபத்து. மற்றவருக்கு வந்தால் பெரும்பாலும் ஆள் பட்டினி.

"சோறு இல்லேன்னா ஒடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கும் அப்பு. அதுல வாரதுதான் கீட்டோன்" என்பார்.

எங்கள் மேனேஜர் கந்த சஷ்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருப்பதாகச் சொல்லி, எங்களைப் பாவிகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஒரு வருடம் ஐந்தாம் நாள் ஏதோ சோதனைக்காக அவருடைய பாட்டில் லேபுக்குப் போனது. வளையத்துக்காரர் குழாயும் கையுமாக மேனேஜர் அறைக்கே வந்துவிட்டார்.

"காலையில எத்தனை இட்லி சார்?"

"என்னய்யா ஒளர்றே! நான் விரதம்!"

"வளையத்தைக் காணோமே சார். அஞ்சு நாள் பட்டினின்னா கத்தரிப்பூ மாதிரில்ல வந்திருக்கணும்?"

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். "மூணு" என்று அவர் சொன்னது வெளியே எனக்கே கேட்டது. அதன் பிறகு சஷ்டி வாரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஊழியர் யாரும் சிறுநீர் கொடுத்ததில்லை, நான் உட்பட.

இப்படி இருந்தவர், ஏதோ பழைய இங்கிலீஷ் வைத்தியப் பத்திரிகையில் புற்றுநோய்க் கட்டிக்குச் சர்க்கரை என்றால் உயிர் என்று படித்துவிட்டார். "அம்புட்டுத்தான் அப்பு! சோறு, சர்க்கரையை நிறுத்திப்புட்டு ஒடம்பைக் கீட்டோன்லயே ஓட்டினா, கட்டி பட்டினி கெடந்து செத்துரும்." டீக்கடையில் எவனாவது ரெண்டு கரண்டி சர்க்கரை கேட்டால் அரை மணி நேரம் பிரசங்கம். டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அகரம் என்ற ஊரில் இருந்த அவருடைய அக்காவுக்கு மார்பில் கட்டி. உடனே மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். கத்திக்குப் பயந்த தம்பி, முதலில் ஒரு மாதம் பட்டினி போட்டுப் பார்க்கலாம் என்றார். அக்காவை வரவழைத்து என் மேஜை பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தொடங்குவதற்கு முன் ஒருமுறை சிறுநீரைச் சோதித்தார். மருந்து விட்ட மறு நொடி கத்தரிப்பூ!

"எம்புட்டு நாளாக்கா சாப்பிடலே?"

"ஒரு மாசமா ஒண்ணும் எறங்கலேப்பா. ஒங்கிட்டச் சொன்னா, பட்டினி நல்லதுன்னு சந்தோசப்படுவே. அதான் சொல்லலே."

அந்த ஒரு மாதத்தில் கட்டி நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்திருந்தது. வளையத்துக்காரர் குழாயை என் மேஜையில் வைத்தார். "இந்த எழவு கீட்டோனையும் திங்கும் போலடா" என்று சொல்லிவிட்டு, அத்தனை நோயாளிகள் நடுவிலும் அழுதார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆபரேஷனைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, சர்க்கரையை ஜென்ம விரோதியாகப் பார்த்த அதே மனிதர், பால் கஞ்சியில் அதை அள்ளிப் போட்டு ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார். தினமும் சோதனை; தினமும் வளையம். பத்தாம் நாள் காலை குழாயைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"வளையம் வரலேடா! வரவே இல்லே! அக்கா சாப்புட்டுருச்சு!"

மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "எனக்கு வரலேன்னா மட்டும் குத்தம்" என்று முனகிக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா நெடுநாள் இருந்தார், தம்பிதான் முந்திக்கொண்டார். இப்போதும் சஷ்டி விரதத்தில் மூன்றாம் நாளே இட்லிக்குக் கை நீட்டிவிடுகிறேன். கையும் களவுமாகப் பிடிப்பதற்கு அவர் இல்லையே என்று நினைத்தால், எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிடுகிறேன்.