பூட்டிய அலமாரியில் ஒரு டூயட்

போன் அலறியது. கணக்கர் எடுத்தார். ஆபீஸ் வரவேற்பறைப் பெண்.

"சார், மேனேஜர் ரூம்ல கம்ப்யூட்டர் தானா பாடுது. காதல் டூயட்."

கணக்கர் அன்று லீவு போட்டிருந்தார். வீட்டு லேப்டாப்பிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கட்டளை அடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். மனைவியிடம் ஜம்பம் காட்ட ஒரு பாட்டைப் போட்டார். சத்தமே வரவில்லை. வால்யூமைக் கடைசிவரை ஏற்றினார். திரும்பத் திரும்பப் பாடவும் சொல்லியிருந்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா அங்கதானங்க பாடும்," என்றாள் மனைவி.

"பிளக்கைப் புடுங்கிடும்மா," என்று போனில் கெஞ்சினார்.

"அது பூட்டின அலமாரிக்குள்ள இருக்கு சார். சாவி உங்ககிட்ட. மேனேஜரும் முதலாளியும் உள்ள உங்க வேலை விஷயமாத்தான் பேசிட்டிருக்காங்க."

அதுதான் அவரைக் கலக்கியது. அவர் வேலை நிரந்தரமாகுமா என்பது இன்றைக்குத்தான் முடிவாகிறது. 'கவலைப்படாதய்யா, நான் இருக்கேன்' என்று மேனேஜர் தோளைத் தட்டியிருந்தார். அந்த நல்ல மனுஷன் சொல்வது முதலாளி காதில் விழ வேண்டாமா?

'எக்ஸிட்' என்று அடித்தார்.

"நின்னுச்சா?"

"இல்ல சார்."

"எக்ஸிட்னா வெளிய வர்றது நீங்க. பாட்டு எதுக்கு வரப்போகுது?" என்றாள் மனைவி.

வெளியே வந்துவிட்டதை மறந்து, பதற்றத்தில் 'ஷட்டவுன்' அடித்தார். வீட்டு லேப்டாப் அணைந்தது. மனைவி அதில் பாதி தட்டி வைத்திருந்த மொழிபெயர்ப்பும் போனது.

"அடுத்து ஃபேனா, ஃபிரிட்ஜா?" என்றாள் அவள்.

மறுபடி உயிர் கொடுத்து, மறுபடி ஆபீசுக்குள் நுழைந்தார். அவசரத்தில் மேல் அம்புக்குறியை நாலைந்து தடவையும் கூடவே என்டரையும் தட்டிவிட்டார். பாட்டைப் போட்ட பழைய கட்டளை திரும்ப ஓடியது.

"சார், இப்ப நாலு பேர் பாடுறாங்க. ரெண்டு பேர் முன்னாடி, ரெண்டு பேர் பின்னாடி."

"தள்ளுங்க. எந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கோம்னு முதல்ல கேக்கணும்," என்று மனைவி 'ஹோஸ்ட்நேம்' அடித்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பெயர் வந்தது. ஓடுகிற பாட்டையெல்லாம் ஒரேயடியாய் நிறுத்தும் கட்டளையை அடித்தாள்.

"நின்னுடுச்சு சார்."

கணக்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா. இனிமே மேனேஜர் பேசுறது முதலாளிக்கு நல்லாக் கேக்கும்."

"எனக்கே கேக்குது சார். 'அந்த ஆளு வேண்டாம், என் மச்சினனைப் போட்டுக்கலாம்'னு தொண்டை கிழியக் கத்திட்டிருக்கார். முதலாளி இப்பத்தான் முதல் தடவையா சரின்னு தலையாட்டுறார்."