குறுக்கு வாசல்

கடல் துப்பிவிட்டுப் போன இடம் என்று அண்டை நாட்டார் ஏளனம் பேசும் ஒரு நாடு இருந்தது. கரிப்பு நாடு என்று பெயர். அங்கே விளைவது உப்பு, தேய்வது ஆட்கள். ராஜா ஒருவர் இருந்தார். அவரை யாரும் பார்த்ததில்லை. தர்மசபை என்று ஒன்று இருந்தது; அதைப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. அவ்வப்போது ஜனங்களைக் கூட்டிக் கை தூக்கச் சொல்லிச் சபையைத் தேர்ந்தெடுப்பார்கள். தூக்கின கையை இறக்கச் சொல்ல மறந்துவிடுவார்கள் என்பது உப்பளத்துக் கேலி.

ஒரு பஞ்சத்தில் சபை மேட்டின் மேல் அன்பில்லம் கட்டித் தகப்பனில்லாப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சோறு போட்டது. அது நல்ல காரியம்தான். பசித்த பிள்ளைகள் அங்கே வயிறாரத் தின்றன. அப்படிப் போனவள்தான் சுடலியின் மகள் வடிவு.

சுடலி, ஊரார் ஒதுக்கிவைத்த கீழ்க்கரையில் பிறந்தவள். புருஷன் போனபின் பாத்தியிலிருந்து குவியலுக்கு உப்புச் சுமந்தே காலம் தள்ளினாள். வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் உப்பில் வெயில் பட்டுத் திரும்பித் திரும்பி அவள் கண்ணைத் தின்றுவிட்டது. எதிரில் நிற்பவர் நிழலாகத்தான் தெரிவார். ஆனாலும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மேடேறிவிடுவாள். அன்று தாய்மாரும் உறவுக்காரரும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒரே வாசல். இடித்துப் பிடித்துக்கொண்டு நுழைவார்கள். உள்ளே உட்கார்ந்ததும் வடிவு ஓடிவந்து மடியில் விழும். சுடலி பிள்ளையின் உச்சியை முகர்வாள். முகத்தை விரலால் ஒருமுறை நிதானமாகத் தடவுவாள். அடுத்த பௌர்ணமி வரை அந்த விரலில்தான் அவள் உயிர் இருக்கும்.

ஒரு வருஷம் சபைக்குத் தலைமைத் தர்மாதிகாரியாக வந்தவர் பெருங்கருணைநாதர். பதவியேற்ற மேடையிலேயே முழங்கினார்.

“எல்லோரையும் ஒரே வாசலில் நுழைப்பது எல்லோரையும் அவமதிப்பது! ஒவ்வொரு துயரத்துக்கும் தனி வாசல் வேண்டும், தனி மரியாதை வேண்டும்!”

ஜனம் கை தட்டியது. பழைய வாசலை அடைத்து நான்கு வாசல்கள் திறந்தார்கள். பெண்கள் வாசல், பார்வையற்றோர் வாசல், உப்பளத்தார் வாசல், கீழ்க்கரையார் வாசல். சுடலிக்குத் தலைகால் புரியவில்லை. கூடச் சுமக்கிற மாடத்தியிடம் சொன்னாள்:

“ஏட்டி, நாலும் எனக்குத்தாம்ட்டீ! எதுல வேணும்னாலும் போவேன்.”

“ராசாத்திதான் போ,” என்றாள் மாடத்தி. “நாலு வாசல்லயும் ஆரத்தி எடுக்கச் சொல்லட்டுமா?”

பௌர்ணமியன்று பெண்கள் வாசலுக்குப் போனாள். வாயிற்காப்பாளர் அன்பாகவே பேசினார்.

“அம்மையே, தங்களுக்குப் பார்வை குறைவு. தங்களுக்கென்று ஒரு வாசல் இருக்கையில் இங்கே அனுமதித்தால் அது தங்கள் உரிமையை நாங்கள் பறித்ததாகும்.”

பார்வையற்றோர் வாசலில் இருந்தவர் பதறிப்போனார். “இங்கே வருவோர் அனைவரும் ஆடவர். திண்டு, பாய், பேச்சு எல்லாம் அவர்களுக்கென அமைத்தவை. தங்கள் கண்ணியத்தை உத்தேசித்துத் தங்களை அனுப்பிவைக்கிறேன்.”

உப்பளத்தார் வாசலில், பாத்தியில் உப்பை வாரும் வாருபலகை பிடிப்பவனே உப்பளத்தான் என்றார்கள். தலையில் சுமப்பவள்? அவள் சுமையோடு சேர்த்தி. கடைசியாகக் கீழ்க்கரையார் வாசல். அங்கே நின்றவன் அவள் தெருக்காரன், தளவாய்.

“மதினி, நம்மள இப்பத்தான் நாலு பேரு மதிக்கான். ஆம்பளத் தொணை இல்லாம நீ வந்து நின்னா என்ன பேசுவான்? ஊர் மானத்தக் கொஞ்சம் பாரு.”

மற்ற மூன்றையும் தாங்கிக்கொண்டாள். தன் பேச்சிலேயே தன்னைத் துரத்தினதுதான் நெஞ்சில் தைத்தது. நிலா ஏறி நின்றபோது அன்பில்லத்துக்குள் பிள்ளைகள் கூச்சல் கேட்டது. எந்தக் குரல் வடிவுடையது என்று பிரித்தெடுக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அவளைப் போல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சபைக்கு முன்னால் போய் நின்றார்கள். சபை இரக்கப்பட்டது. உடனே இரண்டாவது ஆணை பிறந்தது: ஒருவருக்கு ஒரு குறை. பல குறைகளை வைத்துக்கொண்டு வாசல்களைக் குழப்புவோர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துறக்க வேண்டும்.

சுடலியின் முறை வந்தது.

“எதைத் துறக்கிறீர்கள்?” என்றார் பெருங்கருணைநாதர்.

“எத விட முடியும் சாமி? கண்ண விட்டா வந்துருமா? பொம்பளங்கறத எங்க கொண்டுபோய்ப் போட?”

“தேர்வு முழுவதும் உங்களுடையது. சபை யாரையும் கட்டாயப்படுத்தாது.”

“அப்போ தாயின்னு வச்சிக்கிடுங்க. எம்புள்ளயத்தான பாக்க வந்தேன்?”

சபையார் தங்களுக்குள் குனிந்து பேசினார்கள். “தாய்மை ஒரு பெருமை. அது குறையாகாது. பெருமையுடையோருக்கு வாசல் இல்லை.”

பௌர்ணமிகள் போயின. பிள்ளையின் உச்சி மணம் மூக்கை விட்டும், முகம் விரலை விட்டும் போயின. சுடலி தூக்கத்தில் காற்றைத் தடவுவாள். “இப்பம் எம்புட்டு வளந்துருப்பா?” என்று மாடத்தியிடம் கேட்பாள். மாடத்தி தன் இடுப்பில் கை வைத்துக் காட்டுவாள். அது தெரியாதே என்று உறைத்ததும் சுடலியின் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைப்பாள். கொஞ்சநாள் கழித்து நெஞ்சில் வைத்தாள்.

அப்போது கடல் கடந்து படித்த அகிலநேசர் என்ற பண்டிதர் நாடு திரும்பினார். சபை மைதானத்தில் அவர் பேசியதைச் சுடலி ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“நான்கு தெருக்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடத்தில் ஒருத்தி நிற்கிறாள். நான்கு பக்கத்திலிருந்தும் வண்டி வந்து மோதுகிறது. எந்த வண்டி அடித்தது என்று கேட்டால் அவள் எதைச் சொல்வாள்? தெருத் தெருவாக மருந்து வைத்தால் நடுவில் கிடப்பவளுக்கு எட்டாது.”

சுடலி தலையை நிமிர்த்தினாள். யாரோ இருட்டில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. அந்த மனிதர் காலைத் தொடலாம் என்று எழுந்தாள். அதற்குள் சபை அவரை மாலையோடு சூழ்ந்துகொண்டது. அந்த இடத்துக்குப் பண்டிதர் கொண்டுவந்த பெயரை மட்டும் சபை எடுத்துக்கொண்டது: குறுக்குவெட்டு. அவரை ராஜாவின் தோட்டத்தில் விருந்தாளியாக வைத்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மறுநாள் உப்பளத்தில் தமுக்கு அடித்தார்கள். “இனி நாடெங்கும் குறுக்குவெட்டு! யாவரும் சபைக்கு வருக!”

உப்புச் சுமக்கிறவர்களுக்குக் குறுக்கு என்றால் ஒன்றுதான்: இடுப்புக்குப் பின்னால், சுமையெல்லாம் வந்து இறங்கி நோகிற இடம்.

“குறுக்க வெட்டப் போறாவளாமே?” என்று ஒருத்தி நடுங்கினாள்.

“வெட்டுனா வெட்டட்டும். வலியாவது போகும்,” என்றாள் மாடத்தி. “வைத்தியமாத்தான் இருக்கும்டி. ராவுல எண்ணெய் தேய்ச்சே என் கை தேஞ்சி போச்சி.”

அத்தனை பெண்களும் சபைக்குப் போனார்கள். நோகிற இடத்தைக் காட்டத் திரும்பி நின்று குனிந்தார்கள். சிலருக்குக் குனிந்தபின் நிமிர முடியவில்லை. பெருங்கருணைநாதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாருங்கள் இந்த நன்றியை! முகத்தைக் காட்டவும் கூசி எப்படி வணங்குகிறார்கள்!”

மூன்றாவது ஆணை அங்கேயே வாசிக்கப்பட்டது. நான்கு வாசலுக்கும் நடுவே ஐந்தாவதாகக் குறுக்கு வாசல் எழும்பும். எந்த வாசலிலும் அடங்காதவர்களுக்காகவே அது.

வருஷக்கணக்கில் கருங்கல்லில் கட்டினார்கள். தூணில் ஒரு சிலை வைத்தார்கள்: பார்வை மங்கிய கண், தலையில் உப்புக்கூடை. அதற்கு மாதிரியாக நிற்கச் சுடலியைத்தான் அழைத்தார்கள். வெறுங்கூடையைத் தலையில் வைத்து வெயிலில் நாள் முழுக்க நின்றாள். வாசல் திறந்ததும் நான்தானே முதலில் போவேன் என்ற நினைப்பில் அவளுக்குக் கால் வலிக்கவில்லை. கட்டி முடித்ததும் தூர தேசத்துத் தருமவான்கள் வந்து சிலையைத் தடவிப் பார்த்து மெச்சினார்கள். பக்கத்தில் நின்ற சுடலியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், சிலை மறைத்ததாம்.

திறப்பு நாளில் அவள் முன்னால் போனாள். புதுக் காப்பாளர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“தங்களுக்காகவே கட்டியது, அம்மையே. ஒரே ஒரு விதி. குறுக்கு என்றால் நான்கிலும் சேர்ந்தவர் என்று பொருள். ஆகவே நான்கு வாசல் காப்பாளரும் ‘இவர் எம்மவர்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும்.”

“நாலு பேரும் நான் அவுக ஆளு இல்லன்னு சொன்னதாலதானய்யா இங்கன வந்தேன்!”

“அப்படியானால்,” என்று அவர் வருத்தத்தோடு உட்கார்ந்தார், “தாங்கள் குறுக்கிலும் சேர்த்தியில்லை.”

சுடலி திரும்பினாள். மதிலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பின்பக்கம், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். புது வாசலுக்குக் கல் உருவிய இடமோ என்னவோ, அங்கே ஓர் இடுக்கு. அதன் வழியாக ஓர் இருமல் கேட்டது.

“யாரு?” என்றாள்.

“யார் அங்கே?” என்றது உள்ளே ஒரு பெண்குரல். சபையார் பேசுகிற தமிழ்.

“சும்மா, உக்காந்திருக்கேன் தாயி. நீ என்ன இங்கன கெடக்க?”

“கூடத்தில் வாயிற்காப்பாளர்கள் தங்குகிறார்கள். எங்களுக்கு இந்த ஓரம்தான்.”

“அங்க வடிவுன்னு ஒரு புள்ள இருக்காளா?”

உள்ளே இடுக்கை நெருங்கி வரும் சத்தம் கேட்டது. பிறகு, “அம்மா, நீங்கள் ஏன் வருவதே இல்லை?”

சுடலி இடுக்கில் வாயை வைத்தாள். “வந்தேம்மா. வந்துகிட்டேதான் இருந்தேன். வாசல் பெருத்துப் போச்சி.”

உள்ளேயிருந்து ஒரு விரல் நீண்டது. பெரிய பெண்ணின் விரல். சுடலி அதன் நகத்தை, கணுவை, ரேகையைத் தடவினாள். முகர்ந்தாள். வேறு மணம்தான். அதையே முகர்ந்துகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் வாசல் பக்கம் போகவில்லை. மாடத்தியும் நாளடைவில் மற்றத் தாய்மாரும் அவளோடு மதிலின் பின்பக்கம் வந்தார்கள். யார் முதலில் என்று சண்டை வரும், சிரிப்பு வரும், முறை வைத்துப் பேசுவார்கள். நான்கு வாசலும் ஐந்தாவதும் ஈயடித்துக்கொண்டிருந்தன.

இந்தச் செய்தி சபைக்கு எட்டாமல் போகுமா? ஒரு பௌர்ணமி மாலை பெருங்கருணைநாதர் தம் குழுவோடு அளவுக் கயிறு பிடித்துக்கொண்டு மதிலைச் சுற்றி வந்தார்.

“மக்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டிருக்கிறார்களாம். அதையும் முறைப்படுத்தி, அகலப்படுத்தி, தக்க காப்பாளரோடு நாட்டுக்கு அர்ப்பணிப்போம்!”

மற்றவர்கள் கலைந்து போனார்கள். சுடலி மட்டும் இடுக்கில் வாய் வைத்து, “பேசாத மக்கா, ஆளு வருது,” என்றாள். திரும்பி, அந்த இடம் மறையும்படி முதுகை அழுத்திச் சாய்ந்துகொண்டாள்.

“இங்கே ஏதேனும் திறப்பு உண்டா, அம்மையே?”

“ஒண்ணுமில்ல சாமி. நடந்த களைப்பு, சாஞ்சிருக்கேன்.”

கயிறு அவள் காலைத் தாண்டிப் போயிற்று. அவர்கள் கல் கல்லாகத் தட்டிப் பார்க்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் அசையவில்லை. இடுக்கு வழியாக மகளின் மூச்சு முதுகில் சூடாக வந்து வந்து பட்டது.