நடுவானில் வந்த மயக்கம்

என் மனைவி இனிமேல் விமானத்தில் ஏறக் கூடாது. அதையும் நான் சொல்லக் கூடாது, அவளே சொல்ல வேண்டும். சவரம் செய்துகொண்டே இப்படி ஒரு தீர்மானம் எடுத்தேன். எடுத்த வேகத்தில் தாடையில் ஒரு வெட்டு விழுந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டே பேர் உட்காரலாம். மிக்ஸியை விடக் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடும். அதுவும் முழுசாக என்னுடையது இல்லை, நாலு பேர் சேர்ந்து வாங்கியது. அதில் உங்கள் கால் பங்கு எது என்று என் மனைவி கேட்டபோது, வால் பக்கம் என்று வைத்துக்கொள்ளேன் என்றேன். பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றாள்.

எங்களைப் போல் குட்டி விமானம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவரவர் விமானத்தில் கிளம்பி, தூரத்தில் ஏதாவது ஒரு புல் மைதானத்தில் போய் இறங்குவோம். சாப்பிடுவோம். எஞ்சினைப் பற்றிப் பேசுவோம். பறந்து திரும்பி வந்துவிடுவோம். இதற்கா இவ்வளவு பெட்ரோல் என்று கேட்பவர்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள். பக்கத்து இருக்கையில் மீசை வருவார். மீசை என்றால் என் நண்பர். அவர் முகத்தில் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பாப்பாவின் அழுகை கேட்காது. மடிக்க வேண்டிய துணி மலைபோல் எதிரில் நிற்காது. வாரத்தில் அந்த ஒரு நாள் நான் ராஜா.

போன மாதம் என் மனைவி, பாப்பாவைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டுத் தானும் கிளம்பினாள். எந்த வீட்டுக் கொடியில் என்ன துணி காய்கிறது, அதில் எது சரியாக அலசாதது என்று வழி முழுக்க மேலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். இறங்கியதும், இனி வாராவாரம் வருவேன் என்றாள். மீசை வெளியே போனார். என் ராஜ்ஜியமும் போயிற்று.

சும்மா விடுவேனா? எங்கள் சங்கத்தில் வருடத்துக்கு ஒரு முறை, சனியும் ஞாயிறும் பயிற்சி நடக்கும். பைலட்டுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் அதில் ஒரு வகுப்பு உண்டு. பறக்கும்போது பைலட் மயங்கிவிட்டால் அவர்கள் விமானத்தை எப்படி இறக்குவது என்று சொல்லித் தருவார்கள். நடத்துகிற அம்மாவை நாங்கள் டீச்சர் என்போம். அவர் விசில் ஊதினால் காற்றே திசை மாறி வீசும். தலைப்பைக் கேட்டாலே என் மனைவி பயந்து ஒதுங்கிவிடுவாள் என்று நானே அவள் பெயரைக் கொடுத்தேன்.

இரண்டு நாளும் நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சங்கத்து அறையில் நடந்தேன். என் மனைவியோ ஒதுங்காமல் டீச்சரோடு மேலே வட்டம் போட்டாள். இறங்கி வந்தவள் முகம் விளக்கு வைத்த மாதிரி இருந்தது.

"ரொம்ப சுலபங்க. தூங்குற குழந்தையத் தொட்டில்ல இறக்குற மாதிரிதான். அவசரப்பட்டாத்தான் வம்பு."

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பாடம் வேறு, நிஜம் வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்றும்போதே அடுத்த யோசனை பிறந்தது. நடுவானில் நான் மயங்கி விழுந்த மாதிரி நடித்தால்? அலறுவாள். கண் விழித்து நானே காப்பாற்றுவேன். பிறகு காகிதத்தில் செய்த விமானத்தைக்கூடத் தொட மாட்டாள். இதை மீசையிடம்கூட நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. இறங்க வேண்டிய மைதானம் தூரத்தில் பச்சையாகத் தெரிந்தது. இதுதான் சமயம் என்று ஒரு முனகல் முனகினேன். தலையைச் சாய்த்தேன். நாக்கைக் கொஞ்சம் வெளியே விட்டேன். அது என் சொந்தக் கற்பனை.

அலறல் வரவில்லை. பெல்ட்தான் வந்து வயிற்றை இறுக்கியது. பிறகு என் இருக்கை சர்ரென்று பின்னால் போனது. மயங்கியவர் கைகால் எதன் மேலும் படாமல் ஒதுக்கி வை என்பது வகுப்பின் முதல் பாடம். அடுத்து ரேடியோவில் அவள் குரல், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை அழைத்து வருகிறவள் மாதிரி.

"டீச்சர், நான்தான் பேசுறேன். இவருக்கு மயக்கம். நானே கூட்டிட்டு வந்துடுறேன்."

கண்ணைத் திறந்தேன்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. குடு இப்படி."

"பேசாம படுங்க."

"நான் முழிச்சிட்டேன்மா."

"முழிச்சுக் கேட்டாலும் கையில குடுக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"நான் சும்மா நடிச்சேன்."

"பாருங்க, உளற ஆரம்பிச்சிட்டீங்க."

அங்கே யார் பேசுவது என்று மைதானத்திலிருந்து ரேடியோவில் டீச்சர் கேட்டார். இவள் விவரம் சொன்னாள். கண்டுகொள்ளாதே என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. டீச்சர் சொல்லச் சொல்ல இவள் இறக்கினாள். இறங்கினோம். மறுபடியும் இறங்கினோம். மூன்றாவது தடவை தரை எங்களை விடவில்லை.

ஒரே கைத்தட்டல். வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்த என்னை மீசையும் இன்னும் சிலரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, அதில் என்னைப் பரிமாறினார்கள். சங்கத்தில் இருக்கிற ஒரே டாக்டர் பல் டாக்டர். முதலில் வாயைத் திறக்கச் சொன்னார். பிறகு நாடி பார்த்தார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார். பறக்கும்போது நினைவு தப்பியவர் எல்லாச் சோதனையும் முடிகிற வரை பைலட் இருக்கையில் உட்காரவே கூடாது. குறைந்தது ஆறு மாதமாவது ஆகும். கால் பங்கு அதுவரை சும்மா கிடக்க வேண்டாமே, இந்தப் பொண்ணு முறையாகப் பைலட் பயிற்சிக்குச் சேரட்டும் என்றார் டீச்சர். கூட்டம் மறுபடியும் கைதட்டியது.

எனக்கு இப்போது நிஜமாகவே மயக்கம் வந்தது. மானம் போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சட்டும் என்று எழுந்து உட்கார்ந்தேன். நடித்தேன், பயமுறுத்தத்தான் நடித்தேன் என்று நாக்கு முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

டாக்டர் என்னைப் பாவமாகப் பார்த்தார். மயக்கம் போட்டவர் யாரும் போட்டேன் என்று ஒத்துக்கொள்வதில்லையாம். மீசையும் தலையாட்டினார். டீச்சர் மட்டும் ஒரு வழி சொன்னார். பக்கத்தில் இருந்தது இந்தப் பொண்ணு. இவர் நடித்தார் என்று இவள் சொன்னால், நாலு திட்டுத் திட்டி இவரை விட்டுவிடலாம்.

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். நான் சாமியைப் பார்ப்பது போல் பார்த்தேன். அவள் என் நெற்றி வியர்வையைத் துடைக்கிற சாக்கில் குனிந்து, காதோடு சொன்னாள்.

"ராத்திரி பாப்பா அழுறப்ப தூங்குற மாதிரி மூடிக்கிறீங்களே, அதே கண்ணு. இமை அப்படியே துடிச்சுது."

போன உயிர் திரும்பி வந்தது. "தெரிஞ்சு போச்சில்ல? சொல்லிடு தாயே" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். எல்லோர் முன்னாலும் என் கையை ஆசையாகப் பிடித்துக்கொண்டாள்.

"இவருக்கு நடிக்கல்லாம் வராது டாக்டர்."