இரண்டு சில்லுக்கு ஓய்வு கொடுத்தவர்

மனிதரில் திருத்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உடைந்த சாமானைத் திருத்துகிறவர்களை நான் சொல்லவில்லை; அவர்கள் பாவம், பிழைப்புக்குச் செய்கிறார்கள். நான் சொல்வது உடையாததைத் திருத்துகிறவர்களை. வீட்டுக்கூரை ஒழுகும், வேலிப் படலை கழன்று தொங்கும், குளியலறைக் கதவு பூட்டாது, அதெல்லாம் இவர்கள் கண்ணில் படாது. ஆனால் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு ஃபேனைக் கண்டால் போதும், சோறு இறங்காது. அது எப்படி, இவரைக் கேட்காமல், நன்றாக ஓடலாம்?

இப்படிப்பட்டவர் ஊருக்கு ஒருவர்தான் இருப்பார் என்று ஆறுதல்பட்டுவிடாதீர்கள். வளவுக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் சாய்ந்தமருதுப் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அதற்குள் கொண்டுவந்து விடுவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தில் எங்கள் வளவுக்கு விழுந்தவர் என் மகள் கமீலாவின் புருஷன் முத்தலிப். தங்கமான மனிதர். தொழுகை தவறாது, வாயில் பொய் வராது, வெற்றிலைகூடக் கிடையாது. கை மட்டும் சும்மா இராது.

திருத்தக்காரரை அடையாளம் காண்பது லேசு. முதலில் சாமானைச் சுற்றி ஒரு நடை நடப்பார், புதுமாப்பிள்ளை காணி பார்க்கிற மாதிரி. பிறகு விரலால் ஒரு தட்டு. பிறகு "ம்" என்று ஒரு முனகல். அந்த முனகலைக் கேட்டதும் வீட்டுப் பெண்கள் ஓடிப்போய்ச் சாமானைத் தூக்கி ஒளித்துவிட வேண்டும். பிந்தினால் அடுத்த வசனம் வரும்: "கம்பனிக்காரனுக்கு இது விளங்கல்ல." அதற்கு அடுத்தது: "சின்ன வேல, அசர் பாங்குக்குள்ள முடிஞ்சிரும்." எந்த நாளின் பின்னேரத் தொழுகை என்று மட்டும் சொல்லமாட்டார். முடித்த பிறகு நாலைந்து ஆணி மிஞ்சும். ஏன் மிஞ்சியது என்று கேட்டுப் பாருங்கள். "அவங்க கூடப் போட்டிருக்காங்க" என்பார், முகத்தில் ஒரு கவலையும் இல்லாமல்.

எங்கள் வீட்டுத் துருவலைக்கு இவர் பழைய வாஷிங் மெஷினின் மோட்டாரைப் பூட்டினார். கமீலா தேங்காய்ப் பாதியை வைத்து சுவிட்சைப் போட்டாள். தேங்காய் துருவித்தான் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பூவெல்லாம் முகட்டில் இருந்தது. அன்றைக்குச் சம்பலுக்கு நாங்கள் ஏணி வைக்க வேண்டியதாயிற்று.

"கொஞ்சம் வேகம் கூடிட்டு" என்றார்.

மாமியார் மருமகனோடு முகத்துக்கு முகம் வாதாடுவது எங்களிடம் மரியாதையில்லை. ஆகவே நான் சொல்ல வேண்டியதையெல்லாம் முற்றத்துக் கோழிக்குத்தான் சொல்வேன், அவருக்குக் கேட்கிற சத்தத்தில். "கோழி, நீ நல்லா முட்ட போடுறாய். கவனமா இரி. உன்னயும் ஒரு நாளைக்குத் திருத்துவாங்க."

இப்படிப்பட்டவரின் கையில்தான் அந்த நண்டு வண்டி வந்து சேர்ந்தது. பெரிய பெயர் அதற்கு வேறு இருக்கிறது. நாலு பருத்த சில்லும், மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலும், குந்தியிருக்க ஒரு சீட்டும் உள்ள வண்டி. பொத்துவில் பக்கத்தில் வெள்ளைக்காரரை மணலில் ஏற்றித் திரிந்த ஹோட்டல்காரர் ஒருவர் விற்றதை இவர் வாங்கி வந்தார். அதன் விசேஷம், நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். பின்னது புதைந்தால் முன்னது தூக்கும், முன்னது வழுக்கினால் பின்னது தள்ளும். கடல் அரித்து அரித்து எங்கள் கரை இப்போது கூரை மாதிரிச் சரிந்து கிடக்கிறது. அந்தச் சரிவில் மீன்பிடிப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு மேலே ஏறுகிற அழகைப் பார்த்துத்தான் கடற்கரையார் அதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் கடற்கரையில் ஒரு முறை உண்டு. படகு இழுக்கிற கயிற்றில் கை வைத்தவருக்குக் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். முஸ்லிமின் படகென்றாலும் தமிழரின் படகென்றாலும் அதுதான் முறை. வழியில் போகிறவர்கூட ஓடிவந்து ஒரு கை கொடுத்தால் பொலித்தீன் பையில் மீனோடுதான் வீட்டுக்குப் போவார். நண்டு வந்த பிறகு கயிறு பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. மீன் முத்தலிபின் பைக்கு வந்தது. கயிறு பிடித்தவர்கள் றிம்சான் என்கிற பொடியனைத் தலைவராக வைத்துக்கொண்டு, கவிழ்த்த தோணிகளின் மேல் வரிசையாகக் குந்தியிருந்து, இனி இந்தக் கயிற்றைத் தொடுவதில்லை என்று சபதம் போட்டார்கள். வண்டியே இழுக்கட்டும், வண்டியே கறி ஆக்கட்டும்.

வண்டி ஒழுங்காக ஓடியது. அதுதான் அதற்குப் பிடித்த சனியன். ஒரு காலையில் முத்தலிப் அதைச் சுற்றி நடந்தார். தட்டினார். "ம்" என்றார்.

குறை என்னவென்று கேட்கிறீர்களா? மணலில் ஒன்றுமில்லை. தார் போட்ட கார்ப்பட் வீதியில் திரும்பும்போது நாலு சில்லும் பிடிவாதம் பிடிக்கிறதாம், ஹேண்டில் கல் மாதிரி இறுகுகிறதாம், ரயர் தேய்கிறதாம், பெற்றோல் குடிக்கிறதாம். பொய்யில்லை, உண்மைதான். கடற்கரைக்கு வாங்கிய வண்டி கார்ப்பட் வீதியில் ஏன் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். கோழியிடம்.

முன் சில்லுக்குப் போகிற இரும்புத் தண்டை நடுவால் வெட்டினார். வெட்டிய இடத்தில் இரண்டு பல்லுச் சக்கரங்களை வைத்தார். சேர்க்கவும் பிரிக்கவும் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர். லீவரைக் கீழே இழுத்தால் பல்லுகள் பிரிந்துவிடும், முன்சில்லு இரண்டும் சும்மா உருளும். மேலே தள்ளினால் பல்லுகள் கொழுவிக்கொள்ளும், பழையபடி நாலும் இழுக்கும். ஒரே ஒரு சங்கதி: வண்டி ஒரு முழமாவது தாராளமாக உருண்டால்தான் பல்லோடு பல்லு பொருந்தும்.

"உருளாட்டி?" என்று கமீலா கேட்டாள்.

"வண்டி எண்டா உருளும்தானே புள்ள. உருளத்தானே வண்டி!"

வேலை, நானும் ஒத்துக்கொள்கிறேன், அருமையான வேலை. இரண்டு சில்லில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் திரும்பினார். கல்முனை வரை போய்த் திரும்பினார். திரும்புவதற்காகவே சம்மாந்துறைக்குப் போனார். சந்தியைக் கண்டால் அவருக்கு வந்த சந்தோஷம் பெருநாள் பிறையைக் கண்டாலும் வராது.

ஆனால் திருத்தக்காரருக்குத் திருத்தியது போதாது, பார்க்க ஆள் வேண்டும். வாடைக்காற்று எழும்பிக் கடல் கறுத்துக் கிடந்த ஒரு பின்னேரம், "வீடியோ எடுக்கணும், வாங்க" என்று கமீலாவிடம் போனைக் கொடுத்து எங்கள் இரண்டு பேரையும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஜீவராஜ் அப்போதுதான் படகை அவசரமாகக் கரைக்கு ஓட்டி வந்திருந்தான். பெரியநீலாவணைப் பொடியன், மூன்று பிள்ளைக்காரன், இருக்கிற சொத்து அந்த ஒரு படகும் அதன் பின்னால் தொங்குகிற எஞ்சினும்தான். அணியம் மணலில் ஏறியிருந்தது; பின்பக்கம் இன்னும் தண்ணீரில். அந்த நிலையில் கடல் குறுக்கே அடித்தால் படகு பக்கவாட்டில் புரண்டு இரண்டாகப் பிளந்துவிடும். அதைச் சின்னப்பிள்ளையும் அறியும்.

கயிற்றை வண்டியில் கட்டினார்கள். நாலு சில்லில் போட்டு இழுத்திருந்தால் எண்ணிப் பத்து மூச்சு விடுவதற்குள் படகு மேலே வந்திருக்கும். போடுவாரா?

"ஜீவராஜ், இண்டைக்கு ரெண்டு சில்லாலயே இழுத்துக் காட்டுறன் பாருங்க! மத்த ரெண்டும் சும்மா வரும்!"

"காக்கா, எனக்கு ரெண்டும் வேணாம் நாலும் வேணாம், எண்ட படகு மேல வந்தாப் போதும்! கெதியா!" எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வண்டி உறுமியது. பின்சில்லு இரண்டும் ஈரமணலை வாரித் தோணிமேல் இருந்தவர்களின் முகத்தில் எறிந்தன. பிறகு மெல்ல மெல்ல, சோறு தின்ற எருமை சேற்றில் படுக்கிற மாதிரி, அச்சுவரைக்கும் இறங்கிப் படுத்துக்கொண்டன.

முன்சில்லு இரண்டும் கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

"காக்கா," என்றான் றிம்சான், முகத்து மணலைத் துடைத்தபடி, "ஓய்வெடுக்கிற ரெண்டு பேருக்கும் பிளேன்டீ ஊத்திக் குடுக்கவா?"

முத்தலிப் லீவரை மேலே தள்ளினார். சில்லு சுற்றும்போது தள்ளினால் நறநறவென்று பல்லைக் கடித்தது. நிறுத்திவிட்டுத் தள்ளினால் அசையமாட்டேன் என்றது. ஒரு முழம் உருண்டால் பல்லோடு பல்லு விழும். முன்னுக்கு உருளப் படகு விடாது. பின்னுக்கு உருண்டால் படகைக் கடல் கொண்டுபோய்விடும். இந்த இக்கட்டு வரும் என்று கம்பனிக்காரனுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, லீவர் வைக்காமலே விற்றிருக்கிறான்.

ஒரு அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்டது. எஞ்சின் தண்ணீருக்குள் போய் வந்தது. ஜீவராஜ் நெஞ்சுத் தண்ணீரில் நின்று தோளால் முட்டுக்கொடுத்தான்.

"காக்கா! உங்கட லீவரக் கழட்டிக் கடலுக்க எறிங்க! எண்ட புள்ளைகள்ர சோறு காக்கா இது!"

தோணிமேல் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சபதம் என்றால் சபதம்தானே? வயிற்றெரிச்சல் வேறு இருந்தது. அவர்கள் புத்திமதி மட்டும் சொன்னார்கள். முன்னுக்கு எடுங்க. பின்னுக்கு எடுங்க. ரயர்ட காத்தத் திறங்க. கியர மாத்துங்க.

கமீலா போனை என் கையில் திணித்தாள். "உம்மா, இதப் புடிங்க." அபாயாவை முழங்கால்வரை வரிந்து கட்டிக்கொண்டு நேரே இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். எங்கள் கரையில் பெண்பிள்ளை படகுக் கயிறு பிடித்ததை நான் இதற்கு முன் கண்டதில்லை. தனியாளாக நின்று இழுத்தாள். படகு அசையவில்லை. அவளும் விடவில்லை.

"என்னகா பாத்திட்டு இரிக்கீங்க?" என்றாள் திரும்பாமலே. "எண்ட மாப்புளைக்குத்தான் விசர் புடிச்சிருக்கு. அந்தப் புள்ளைட படகு என்ன குத்தம் செஞ்சிச்சி?"

றிம்சான்தான் முதலில் குதித்தான். "உடுங்க ராத்தா, உடுங்க, நாங்க புடிக்கிறம்!" அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். கமீலா ராத்தா விடவில்லை, அவளுக்கு முன்னும் பின்னுமாகப் பிடித்துக்கொண்டார்கள். வண்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்தெறிந்தார்கள். அடுத்த அலை தூக்கிய தூக்கிலேயே, "யா அல்லாஹ்!" என்றும் "முருகா!" என்றும் ஒரே மூச்சில் கத்தி ஒரு இழுவை. படகு முழுதாக, எஞ்சினோடு, மேட்டில் வந்து கிடந்தது. ஜீவராஜ் அதன் பக்கத்தில் மணலில் விழுந்து படகைத் தடவிக்கொண்டே கிடந்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான், பாரம் இல்லாத வண்டி சரிவில் பின்னுக்கு ஒரு முழம் உருண்டது.

டக்.

"விழுந்திட்டு!" என்று கத்தினார் முத்தலிப். "கமீலா! பாத்தீங்களா? விழுந்திட்டு! நான் சொன்னேனே!" நாலு சில்லும் சேர்ந்து எழும்பி, இழுக்க ஒன்றுமே இல்லாத வண்டி, சரிவில் பாய்ந்து ஏறி, மீன்வாடியின் கிடுகு வேலியைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது. அவ்வளவு அழகாக அது ஒருநாளும் ஏறியதில்லை.

அன்றைக்கு ஜீவராஜ் கயிறு பிடித்த எல்லோருக்கும் மீன் கொடுத்தான். முதல் பங்கு, பெரிய பாரைக்குட்டி, கமீலாவுக்கு. அதற்குப் பிறகு எங்கள் கரையில் பழையபடி ஆட்கள்தான் இழுக்கிறார்கள். நண்டு எங்கள் கமீலாவை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்வருகிறது. இரண்டு சில்லில் நன்றாகத் திரும்புகிறதாம்.

முத்தலிப் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அன்றிரவு பாரைக்குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பிழை லீவர்ல இல்ல மாமி. இடத்துலதான். இன்னொரு லீவர் வெச்சா சரி."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பின்சில்லு புதைந்த அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது? ஜீவராஜின் பிள்ளைகளா? அல்லது, "லீவருக்குப் பதிலாக ஒரு சுவிட்சை வைத்து, பல்லைக் கொஞ்சம் சரிவாக வெட்டியிருந்தால்" என்றா? பின்னது ஓடியிருந்தால், இதைக் கீழே வைத்துவிட்டு உங்கள் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவள் என்ன யோசனை என்று கேட்கமாட்டாள். பேசாமல் எழும்பிப் போய் ஃபிரிட்ஜுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பாள்.