பதினாறு கணினிகளும் முசியே அந்துவானும்

நடந்தவை, வரிசையாக:

1. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நான் பல்கலைக்கழகத்தில் நீதியை நிலைநாட்டினேன்.
2. பத்து மணி ஒரு நிமிடத்துக்கு அது கெட்டுப்போனது.
3. கெட்டுப்போனது எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.
4. தெரிந்த மறு நிமிடமே ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான், இரண்டே சொல்: "ஆமா சார்."
5. அந்தப் பொய் கையில் ஸ்க்ரூடிரைவரோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் மூச்சு வரும். மளிகைக்கு ஒன்று, மன வருத்தத்துக்கு ஒன்று என்று தனித்தனி நோட்டு வைத்திருந்த காலம் அது. புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வேலை. மையத்தின் பெருமை ஒரு கிளஸ்டர். அதாவது பதினாறு கணினிகளை ஒன்றாகக் கட்டி, ஒரே பெரிய கணினியாக உழைக்க வைத்த ஏற்பாடு. ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் கணக்கீடுகளை அதில் ஓட விடுவார்கள். ஒரு கணக்கீடு முடிய சில சமயம் பத்துப் பதினைந்து நாள்கூட ஆகும்.

பங்கிட்டுக்கொள்ள என்ன முறை இருந்தது? கதவில் கயிறு கட்டித் தொங்கிய ஒரு நோட்டு. முதலில் வந்து பெயர் எழுதுபவருக்கு முதல் இடம். விடுதியில் இருக்கும் இயற்பியல் பையன்கள் பல் துலக்குவதற்கு முன்பே வந்து பதினாறையும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வேதியியல் துறையின் கயல்விழி அக்கா, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உழவர்கரையிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் நோட்டில் அன்றைய பக்கம் நிரம்பியிருக்கும்.

இதைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்தது. (கொதித்ததை மன வருத்த நோட்டில் எழுதி வைத்தேன்.) பிறகு ஒரு சூத்திரம் எழுதினேன். இதுவரை யார் குறைவாகப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை. அவர் வந்துவிட்டால், நிறையப் பயன்படுத்தியவரின் வேலை அப்படியே தூங்கப் போய்விடும். அவர் முடித்ததும் விட்ட இடத்திலிருந்து எழுந்து ஓடும். நோட்டும் வேண்டாம், கயிறும் வேண்டாம்.

சனிக்கிழமை அதைச் சோதித்துப் பார்க்க, இதுவரை கணினியையே தொடாத ஒரு பயனர் தேவைப்பட்டார். மேசையில் ஏ.சி. சர்வீஸ் பதிவேடு கிடந்தது. அதில் எங்கள் ஏ.சி. மெக்கானிக் அந்துவான் அண்ணனின் கையெழுத்து. உப்பளத்துக்காரர். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஆள் எண்ணெய்க் கறையோடு இருந்தாலும், கையெழுத்து மட்டும் தொப்பி வைத்துக்கொண்டு பாரிஸில் உலாவப் புறப்பட்டது போல இருக்கும். அவர் எழுதிய பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிலேயே ஒரு பயனரை உருவாக்கினேன். அவர் பெயரில் ஒரு சோதனை வேலையும் கொடுத்தேன்: பதினாறு கணினிகளும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். எங்கே நிறுத்துவது என்ற வரியை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். பசி வந்தது. திரையை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரையை மூடினால் வேலையும் மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். கணினிப் படிப்பில் பட்டம் வாங்கியவள் நினைக்கக் கூடாத நினைப்பு.

திங்கட்கிழமை சூத்திரத்தை இயக்கியதும் அது சுற்றுமுற்றும் பார்த்தது. இந்தப் பல்கலைக்கழகத்திலேயே அதிகம் ஏமாற்றப்பட்ட ஆத்மா யார்? அந்துவான். இதுவரை ஒரு நொடிகூடப் பயன்படுத்தாதவர்! பதினாறு கணினிகளையும் அவருக்கே கொடுத்துவிட்டது. சரி, கொஞ்ச நேரத்தில் அவருடைய பயன்பாடும் ஏறி அவரும் பின்னால் போயிருக்க வேண்டாமா? வேலை முடிந்த பிறகுதான் நேரத்தைக் கணக்கில் ஏற்றுவது என்று எழுதியிருந்தேன். முடியாத வேலைக்கு நேரமே கிடையாது. நாலு நாள் எண்ணிய பிறகும் அந்துவான் பச்சைக் குழந்தையாகவே இருந்தார்.

வேறு ஊராக இருந்தால் முதல் நாளே சண்டை வந்திருக்கும். புதுச்சேரியில் பட்டியலின் உச்சியில் ஒரு பிரெஞ்சுப் பெயரைப் பார்த்ததும், யாரோ பாரிஸிலிருந்து வந்திருக்கும் விஞ்ஞானி என்று, பெயருக்கு முன்னால் 'முசியே' (பிரெஞ்சில் 'ஐயா') போட்டு எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். புகாரே வராததால் சூத்திரம் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நான் இருந்தேன். அறை மட்டும் ஏனோ நாளுக்கு நாள் புழுங்கியது. மே மாதம்தானே என்று அந்துவான் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லி வைத்தேன்.

வியாழக்கிழமை கயல் அக்கா வந்தார்.

"ஏம்மா, அந்த முசியே எப்பம்மா ஊருக்குப் போவாரு?"

"எந்த முசியே அக்கா?"

"அதான், அந்துவான். பதினாறையும் புடிச்சி வெச்சிக்கினு உக்காந்திருக்காரே. ரெண்டு மெயில் போட்டுட்டேன், பதிலே காணோம். என் பொண்ணோட பிரெஞ்சு மிஸ்ஸைக் கேட்டு, 'போன்ழூர் முசியே'ன்னுதாம்மா ஆரம்பிச்சேன். அதுக்காவது ஒரு வார்த்தை போடக் கூடாதா?"

எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. (அந்த அறையில் அன்று சில்லென்று இருந்தது அது ஒன்றுதான்.)

"திங்கக்கிழமை தீசிஸ் குடுக்கணும்மா. ரெண்டு தடவ டைம் வாங்கிட்டேன், இனிமே தர மாட்டாங்க. எப்படியோ எடம் புடிச்சி ஒம்பது நாள் ஓடியிருக்கு, இன்னும் ரெண்டே நாள்தான் பாக்கி. தூங்கிக்கினு கெடக்குது."

நான் விசைப்பலகையில் கை வைப்பதற்குள் கதவு திறந்தது. மையத் தலைவர். கூடவே கிளஸ்டரை எவ்வளவு நியாயமாகப் பங்கிடுகிறோம் என்று பார்வையிட வந்த இரண்டு வெளியூர்ப் பேராசிரியர்கள். தலைவர் திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, பிரான்ஸ்லேர்ந்தெல்லாம் நம்ம கிளஸ்டர யூஸ் பண்றாங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா!"

"ஆமா சார்," என்றேன்.

"என்ன ஆராய்ச்சி?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"எண்... எண்கள் சம்பந்தமானது சார்." (இது பொய் இல்லை.)

அப்போது ஏ.சி. ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பதினாறு கணினிகளும் ஒரே சமயத்தில் கூவ ஆரம்பித்தன. சூடு தாங்காத கூவல். தலைவர் பதறினார். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணும்மா!"

"ஐயோ சார், வேணாம்!" என்று அக்கா சுவிட்சுப் பலகைக்குக் குறுக்கே போய் நின்றார். தூங்குகிற வேலை, மின்சாரம் போனால் செத்துப்போகும். ஒன்பது நாளும் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் ஸ்க்ரூடிரைவரோடு அந்துவான் அண்ணன் வந்தார். ஒரு கணினியின் முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"ஏ.சி. மேல தப்பு இல்ல சார். யாரோ நாலு நாளா அடுப்பு மூட்டி வெச்சிருக்காங்க. யாரு எரிக்கிறது இத?"

"அதெல்லாம் நிறுத்த முடியாதுப்பா. முசியே அந்துவான்னு ஒரு பெரிய விஞ்ஞானியோட வேலை," என்றார் தலைவர்.

அண்ணன் திரையைப் பார்த்தார். தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், நான் கையெழுத்துல போடுற ஸ்பெல்லிங் மாதிரியே இருக்குது?"

நான் கணினிகளைவிடச் சூடாக இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை எண் போட்டே சொன்னேன், பதற்றத்தில் மூன்றுக்கு அப்புறம் ஐந்துக்குப் போய்விட்டேன். பிறகு அந்துவானின் வேலையை நிறுத்தினேன். கூவல் ஒவ்வொன்றாக அடங்கியது. பட்டியலில் கயல் அக்காவின் பெயர் மேலே ஏறியது; அவருடைய வேலை தூக்கத்திலிருந்து எழுந்து ஓட ஆரம்பித்தது. அண்ணன் இரண்டு மேசை விசிறிகளைக் கொண்டுவந்து கணினிகளின் முதுகுக்கு வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னார்: "பதில் போடலேன்னு கோச்சிக்காதீங்க. எனக்கு மெயில் வந்ததே தெரியாது."

ஆராய்ச்சி பற்றிக் கேட்ட அந்த வெளியூர்ப் பேராசிரியர் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. சனிக்கிழமை அக்காவின் கணக்கீடு முடிந்தது. திங்கட்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

அந்துவான் என்ற பயனரை அழிக்கப் போனபோது தலைவர் தடுத்தார். அந்தப் பெயரின் நேரத்தை எப்போதும் கணக்கில் ஏற்றாமல் விட்டால், அவசரம் என்று வருகிறவர்கள் அதில் ஓட்டிக்கொள்ளலாம் என்றார். ஒரே நிபந்தனை, பெயருக்குச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். அதன் பிறகு, கெடு நெருங்கிய மாணவர்கள் ஏ.சி. சர்வீஸ் நாளன்று ஏணிக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். அண்ணன் மேலிருந்தபடியே விசாரிப்பார். "உனக்கு எப்ப கெடு? அந்தப் பொண்ணுக்கு நாளைக்கே. நீ அடுத்த வாரம் வா." ஒருவரும் எதிர்த்துப் பேசியதில்லை.

என் வீட்டில் இது வேறு விதமாக வாழ்கிறது. வஞ்சரம் வறுத்த நாளில் கடைசித் துண்டை என் தம்பி தட்டோடு இழுத்துக்கொண்டு, "நான் இன்னும் மென்னு முடிக்கலக்கா, அதனால கணக்குல ஏறல. நான்தான் அந்துவான்," என்பான். அம்மாவும் அவனுக்கே வைப்பார்.

இன்றைய நிலவரம்: அந்தப் பதினாறு கணினிகளும் பழைய சாமானாகப் போய்விட்டன. கயல் அக்கா ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அந்துவான் அண்ணன் இதுவரை விசைப்பலகையில் விரல் வைத்ததில்லை. ஆறு ஆய்வேடுகளின் நன்றியுரையில் அவர் பெயர் இருக்கிறது. என் பெயர் ஒன்றில்கூட இல்லை.